நூலிழையாம் நூலிழை!

கேள்வி: 2023 ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா 12–11 என்று நூலிழையில் நியூசிலாந்தை வென்றது. அன்றைக்கு ஆரம்பித்த ரசிகர்கள் சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரே ஒரு புள்ளிக்கு இத்தனை ஆட்டமா? இதெல்லாம் ஒரு வெற்றியா?
– ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: வீரவநல்லூர்க்காரர் 'நூலிழையில்' என்று எழுதலாமா ஐயா? மயிலாப்பூரிலிருந்து வந்த கார்டாக இருந்தால் மன்னித்திருப்பேன். தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்த ஊர் உம்முடையது. உங்கள் ஊர் செடிபுட்டா சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2023-இல்தான். அதற்கு இரண்டு வரி எழுதத் தோன்றவில்லை, பாரீஸ் பக்கத்தில் நடந்த ஆட்டத்துக்குக் கார்டு போட்டிருக்கிறீர்.

உங்கள் ஊர்த் தறிக்கூடம் ஒன்றில் அரை நாள் நின்றிருக்கிறேன். நெய்துகொண்டிருந்தவருக்கு எழுபதை ஒட்டிய வயசு. நாடா இங்குமங்கும் போய் வந்துகொண்டிருந்தது. திடீரென்று கையை நிறுத்திவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பாவுக்குள் இரண்டு விரலை விட்டு, அறுந்த நுனி ஒன்றைத் தேடி எடுத்தார். பக்கத்தில் தொங்கிய நூல் கொத்திலிருந்து ஒன்றை உருவி முடிச்சுப் போட்டார். அதை விழுதுக்குள் விட்டு, அச்சுக்குள் விட்டு இழுத்து, துணியோடு சேர்ப்பதற்குள் ஒரு டீ குடித்திருக்கலாம்.

"ஒரு இழைதான அண்ணாச்சி, பொறவு பார்த்துக்கிடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு இழைதான். விட்டா சேலை நீளத்துக்கும் கோடு விழும். முதலாளி கூலியில கை வைப்பாரு. உம்ம வீட்டு அம்மா கடையில வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு வேண்டாம்பாக. நீரு என்னமோ ஒரு இழைங்கீரு!"

அன்றையிலிருந்து 'நூலிழை'யைச் சின்னது என்ற பொருளில் போட எங்கள் பத்திரிகையில் நான் விடுவதில்லை. 'பந்தாடியது', 'வெற்றிக் கனியைப் பறித்தது' எல்லாவற்றையும் இதே பேனாவால்தான் அடிக்கிறேன். 'மண்ணைக் கவ்வியது' இருக்கிறதே, அது ரக்பிக்கு ஆகவே ஆகாது. எண்பது நிமிஷமும் முப்பது பேரும் மண்ணைக் கவ்விக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜெயித்தவன் பல்லிலும் புல் இருக்கும்.

இதில் எனக்கு இன்னொரு வழக்கும் நிலுவையில் இருக்கிறது. டவுனில் ஒரு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். இதழ் வந்த மூன்றாம் நாள் பிழைப் பட்டியலோடு கார்டு போடுகிறவர். 'ஒரு இழை' என்று எழுதினால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்' வரவேண்டுமாம். சட்டம் எனக்கும் தெரியும். அந்தத் தறிக்காரர் வாயிலிருந்து 'ஓர் இழை' வருவதை நினைத்துப் பாருங்கள். தறி நின்றுபோகும்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். அக்டோபர் 28, சனிக்கிழமை. நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்கு ஆரம்பம். நான் பார்க்கவில்லை, தூங்கினேன். ரெண்டரை வாக்கில் போன். அக்கா மகன். நியூசிலாந்தில், வெலிங்டனில் வேலை. அங்கே ஞாயிறு காலை.

"தூங்கிட்டியளா மாமா?"

"இல்லடா, குறுக்குத்துறையில குளிச்சிக்கிட்டிருக்கேன். என்ன விஷயம்?"

"ஏமாத்திட்டானுவ மாமா. ஒரு பாயிண்டு. ஒரே ஒரு பாயிண்டு!"

பாளையங்கோட்டையில் பிறந்து, கிரிக்கெட் மட்டையைத் தவிர எதையும் தொடாமல் வளர்ந்த பயல். விமானம் ஏறி நாலு வருஷம்கூட ஆகவில்லை. நியூசிலாந்து அணியின் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குரல் உடைந்து, பெரியப்பா செத்த மாதிரி அழுகிறான். பெரியப்பா செத்தபோது அழவில்லை.

அவன் சொன்ன குறைகளை அப்புறம் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்துச் சரிபார்த்தேன். நியூசிலாந்துக் கேப்டன் சாம் கேன் எதிராளியின் தலைமட்டத்துக்குப் பிடி போட்டார், சிவப்பு அட்டை, ஆட்டம் முடிகிறவரை வெளியே. ஆண்கள் இறுதியாட்டத்தில் அதற்கு முன் யாரும் அப்படி வெளியேறியதில்லை. தென்னாப்பிரிக்கக் கேப்டன் கோலிசியும் தலையில்தான் மோதினார், அவருக்குப் பத்து நிமிஷம் வெளியே உட்காரவைக்கிற மஞ்சள் அட்டையோடு போயிற்று. "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா மாமா?" என்றான் மருமகன். இந்த இடத்தில் அவன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

ஆனால் மிச்சக் கதை? பதினாலு பேரை வைத்துக்கொண்டும் 58-ஆவது நிமிஷத்தில் பியூடன் பாரட் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைத்து ஐந்து புள்ளி எடுத்தார். அதன் பின்னாலேயே உதைத்து எடுக்கவேண்டிய இரண்டு புள்ளியை மோவுங்கா வெளியே அடித்தார். உள்ளே போயிருந்தால் 13–12. கடைசிக் கட்டத்தில் தூரத்திலிருந்து ஒரு பெனால்டி. ஜோர்டி பாரட் உதைத்தார், அதுவும் வெளியே. அந்தப் பெனால்டிக்குக் காரணமான தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் கோல்பே மஞ்சள் அட்டை வாங்கி, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கோடி கோடியாய் ஜனம் பார்க்கிற ஆட்டம், களத்துக்குப் பத்தடியில் இருக்கிறவர் பார்க்கவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குச் சில அப்பாக்கள் இப்படித்தான் திண்ணையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவின் 12 புள்ளியும் பொல்லார்டின் காலிலிருந்து வந்த நாலு பெனால்டி. கோட்டைத் தாண்டிப் பந்து வைக்கவே இல்லை. இதெல்லாம் வெற்றியா என்று கேட்கிறீர். கால் இறுதியில் பிரான்ஸை 29–28, அரை இறுதியில் இங்கிலாந்தை 16–15, இறுதியில் 12–11. ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் என்பேன். பதினாலு நாளைக்குள் மூன்று தடவை ஒரு புள்ளி என்றால் அது நெசவு. டூ டாய் என்கிற ஒரே ஆள் அந்த இறுதியாட்டத்தில் 28 தடவை ஆளைப் பிடித்துச் சாய்த்திருக்கிறார். எந்தப் பிடி அந்த ஒரு புள்ளி என்று நீர் சொல்லும்.

ஜெயித்தவர்கள் ஊரூராக ஊர்வலம் விட்டு, டிசம்பர் 15-ஐ அரசு விடுமுறையும் ஆக்கிவிட்டார்கள். ஒரு புள்ளிக்கு ஒரு நாள் லீவு. நாற்பது புள்ளியில் ஜெயித்திருந்தால் நாற்பது நாள் விட்டிருப்பார்களா என்று மருமகன் கேட்டான். கேள்வி நியாயம்தான்.

தோற்ற பக்கம் நடந்ததுதான் அசிங்கம். நடுவர் வெய்ன் பார்ன்ஸ் சில நாளில் ஓய்வை அறிவித்தார். குடும்பத்துக்கே மிரட்டல் வருகிறது என்று வெளிப்படையாகப் பேசினார். வீடியோ பார்த்துச் சொன்ன நடுவர் டாம் ஃபோலி, வந்த வசவைத் தாங்காமல் சர்வதேச ஆட்டமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

நம் ஊர் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. நாங்குநேரிப் பக்கம் ஒரு கோயில் கொடையில் கபடி இறுதியாட்டம், ராத்திரி ரெண்டு மணி, ஒரு புள்ளி வித்தியாசம். பாடிப்போனவன் கடைசி மூச்சில் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று தகராறு. சுண்ணாம்புக் கோட்டில் கால் தடம் இருக்கிறதா பார்த்தால் தெரிந்துவிடும். "தள்ளுங்கல, தடத்தப் பாப்போம்" என்று ஓடிவந்த இருநூறு பேரும் கோட்டின் மேலேயே ஏறி நின்றார்கள். இறங்கியபோது கோடே இல்லை. நடுவரை இரண்டு பேர் பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பின்பக்க வழியாகக் கொண்டுபோனார்கள். விசில் கழுத்திலேயே ஆடிக்கொண்டு போனது. எந்த ஊர் ஜெயித்தது என்று நான் எழுத மாட்டேன். அந்தப் பக்கம் எனக்குச் சந்தாதாரர்கள் இருக்கிறார்கள், இரண்டு ஊரிலும்.

கால் தடம் போனால் கபடியோடு போயிற்று. ராதாபுரத்தை மறந்துவிட்டீரா? 2016 சட்டமன்றத் தேர்தலில் இன்பதுரை 49 ஓட்டில் அப்பாவுவை வென்றதாக அறிவித்தார்கள். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளினது சரியா என்று வழக்கு. 2019 அக்டோபரில் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் திரும்ப எண்ணினார்கள். முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எண்ணினது எண்ணினபடி இருக்க, ஐந்து வருஷம் ஓடி 2021 தேர்தலே வந்துவிட்டது. அதில் அப்பாவு ஜெயித்துச் சபாநாயகரானார். பாரீசில் வீடியோ நடுவருக்கு இரண்டு நிமிஷம் ஆனதற்கு மருமகன் மூச்சு வாங்கினான். "ராதாபுரத்துல ஆட்டமே முடிஞ்சு அடுத்த ஆட்டம் வந்துட்டுடா" என்றேன். போனை வைத்துவிட்டான்.

இப்போது உம்முடைய கார்டில் ஒரு குறை. ஒரு புள்ளி வெற்றி என்றால் பாரீஸ்தான் ஞாபகம் வருகிறது. அதே அக்டோபரில், மூன்று வாரம் முந்தி, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் பெண்கள் சீன தைபேயைக் கபடியில் 26–25 என்று வென்று தங்கம் கொண்டுவந்தார்களே, அதற்கு ஏன் கார்டு வரவில்லை? ரக்பிதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் சிங்கப்பூரை 21–19 என்று வென்றார்கள். பதினைந்து பேர் ஆடுகிற ரக்பியில் அவர்களுடைய முதல் வெற்றியே அதுதான். கடைசி நிமிஷங்களில் பெனால்டி உதைத்துக் கொடுத்தவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக். விசில் ஊதினதும் அந்தப் பெண்கள் அழுத அழுகைக்கு முன்னால் என் மருமகன் அழுகை கால் காசு பெறாது.

ரக்பி நமக்கு அந்நியம் என்றும் சொல்லிவிடாதீர். கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் வைத்திருந்தார்கள். ஆள் சேராமல் இழுத்து மூடும்போது வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து 1878-இல் லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு, மூடியில் யானை. அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மோதிக்கொள்கின்றன. 1988-இல் இரண்டு ஆட்டக்காரர்கள் குடித்துவிட்டு எடின்பரோ தெருவில் அதையே உதைத்து விளையாடி நெளித்துவிட்டார்கள். நம் வெள்ளி, ஐயா! நம் ஊர்ப் பாத்திரக்கடைக்காரரிடம் கொடுத்திருந்தால் மறுநாளே ஒடுக்கெடுத்துக் கொடுத்திருப்பார். 2025 பிப்ரவரியில் ஸ்காட்லாந்து மூன்று முறை கோட்டைத் தாண்டிப் பந்து வைத்தது, இங்கிலாந்து ஒரே முறை. ஸ்காட்லாந்தின் ஃபின் ரசல் அதற்கான மூன்று உதையையும் வெளியே அடித்தார். கடைசி உதை ஆட்டம் முடியும் நேரத்தில். 16–15, கோப்பை இங்கிலாந்துக்கு. அன்றைக்கு ஸ்காட்லாந்து ரசிகர்கள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தவித்திருப்பார்கள். நடுவர்மேல் பழி போட வழியில்லாத தோல்விதான் பெரிய தோல்வி.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் டவுன் வாத்தியாரின் கார்டு வந்து மேஜையில் கிடக்கிறது. போன இதழில் 12 பிழை என்கிறார். நான் எண்ணிப் பார்த்தேன், 11 வருகிறது. தகராறு அந்த 'ஒரு இழை'யில்தான். வீடியோ நடுவர் கிடைத்தால் கேட்கலாம். கிடைக்கும்வரை இந்தப் பக்கத்திலும் வேண்டுமென்றே அங்கங்கே போட்டு வைத்திருக்கிறேன். வாத்தியார் மூன்றாம் நாள் கார்டில் எண்ணி எழுதட்டும்.