ஒரு நாளில் பிரிட்டனியின் கல்வாரிகள்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: வேலை விஷயமாகப் பாரிஸ் போகிறேன். ஒரு நாள் ஒதுக்கி, பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனி கிராமங்களில், கோயில் வளாகத்தில் இயேசுவின் வாழ்க்கையையும் சிலுவைச் சாவையும் காட்டும் கல்வாரிக் கற்சிற்பங்களைப் பார்க்க ஆசை. படத்தில் பார்த்தால் ஏகப்பட்ட உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எங்கே போகலாம்?

பதில்: ஒரே நாள் என்றால் ட்ரொனோஎன் என்ற இடத்துக் கல்வாரியை மறந்துவிடுங்கள். பெரிய கல்வாரிகளில் அதுதான் மூத்தது, 15ஆம் நூற்றாண்டு, ஆனால் தெற்கே கடலோரத்தில் ஒதுங்கி நிற்கிறது. பாரிஸிலிருந்து மோர்லே நகரம் வரை ரயில், சுமார் 3 மணி நேரம். அங்கே கார் எடுத்தால் சேன்-தெகொனெக், கிமிலியோ, லாம்போல்-கிமிலியோ மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

அதிக நேரத்தைக் கிமிலியோவுக்குக் கொடுங்கள். 1581 முதல் 1588 வரை செதுக்கியது, சுமார் 200 உருவங்கள். உங்களுக்குப் புரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் காட்சிகள் கதை வரிசையில் இல்லை. இயேசு சீடர்களின் பாதம் கழுவுவது, அவர்களோடு உண்ட கடைசி இராவுணவு, குழந்தை இயேசுவோடு பெற்றோர் எகிப்துக்கு ஓடிப்போவது என்று தெரிந்த ஒன்றைக் கண்டுபிடித்து அங்கிருந்து சுற்றி வாருங்கள். இயேசுவைச் சுற்றி நிற்கும் வீரர்கள் ரோமர்களைப் போலவா இருக்கிறார்கள்? சிற்பிகள் தங்கள் காலத்து உடையையே போட்டுவிட்டிருக்கிறார்கள். அப்புறம் நரகத்தின் வாயைத் தேடுங்கள். பேய்கள் இழுத்துப்போகும் அந்தப் பெண்தான் கத்தெல் கொல்லெத்: நடனத்தில் மயங்கி, சாத்தானுக்காகப் பூசையின் நற்கருணை அப்பத்தைத் திருடியவள் என்பது ஊர்க்கதை. எழுத்தறியாத சனங்களை மிரட்ட இது போதாதா!

இத்தனை சின்ன ஊர்களுக்கு ஏது இவ்வளவு காசு என்று கேட்பீர்கள். லினன் துணி. இந்தப் பக்கம் நெய்த துணி மோர்லே வழியாக இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போனது; துணியில் பணம் பார்த்த கோயில் பங்குகள் (ஒவ்வொரு கோயிலையும் சேர்ந்த ஊர்கள்) ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக் கட்டின. பக்தி இருந்தது, சரி, அதைவிடப் பக்கத்து ஊரை மிஞ்சும் வீறாப்பு கொஞ்சம் கூடுதல் என்பது என் எண்ணம். கிமிலியோவுக்குப் பிறகு 1610இல் சேன்-தெகொனெக்காரர்கள் தங்கள் கல்வாரியை எழுப்பினார்கள். அளவில் சிறியது, ஆனால் ஊரின் புனிதரும் அவருடைய வண்டியை இழுக்கும் ஓநாயும் அதில் உண்டு, தவறவிடாதீர்கள்.

கல்லையும் கவனியுங்கள். பிரெஸ்ட் நகரத்துப் பக்கம் வெட்டியெடுத்த கெர்சாந்தோன் என்ற கருஞ்சாம்பல் கல் புதிதாக இருக்கும்போது உளிக்கு இணங்கும், பிறகு இறுகிவிடும், அதனால்தான் 400 வருட மழைக்குப் பிறகும் தாடிச் சுருள்கூட மிஞ்சியிருக்கிறது. உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். சிலுவைகள் உயரத்தில் இருப்பதால் பைனாகுலர் உதவும்.

போட்டோவுக்காகப் பீடத்தில் ஏறாதீர்கள். இவை இன்றும் பங்குக் கோயில்கள். பூசையோ அடக்கமோ நடந்தால் முடியும்வரை வெளியே நில்லுங்கள்.

திரும்பும் ரயிலை பிரெஸ்டிலிருந்து எடுத்தால் வழியில் பிளூகஸ்தெல் ஊரின் கல்வாரியும் சேரும். 1598 கொள்ளைநோய்க்குப் பிறகு, 1602-04இல் எழுப்பியது, 1944 போரில் அடிபட்டு மீண்டும் சீர்செய்யப்பட்டது. காரை பிரெஸ்டிலேயே விட முடியுமா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.