பழைய டர்போ காருக்கு 95 ஆக்டேனா, சாதாரண பெட்ரோலா?

கேள்வி: "நாகர்கோவிலில் இருக்கிறேன். பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன், ரீமேப் செய்யும் எண்ணமும் உண்டு. 95 ஆக்டேன்தான் போட வேண்டுமா? எத்தனால் 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் எஞ்சினைக் கெடுத்துவிடுமா?"

பழைய கார் என்றும், எஞ்சின் கணினியின் புரோகிராமை மாற்றிப் பவர் கூட்டும் ரீமேப் என்றும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. அநேகமாக உங்களுடையது செகண்ட் ஹேண்ட் வண்டி, எட்டு வருடமாவது ஓடியிருக்கும், யூடியூபில் அமெரிக்கக்காரன் வீடியோ நாலைந்து பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நான் எஞ்சினியர் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறேன். போன தடவை ஒரு பதில் எழுதியபோது "உனக்கு என்ன படிப்பு" என்று கேட்டார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கையைச் சுட்டுக்கொண்டதுதான் என் படிப்பு.

2021ல் செகண்ட் ஹேண்டில் ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ டர்போ கார் வாங்கினேன். 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன். அதுவே நம் ரோட்டுக்கு அதிகம். ஆனால் ஆசை யாரை விட்டது? அடுத்த வருடம் வெளியூரில் ஓர் இடத்தில் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தேன். கையில் கொடுத்த தாளில் 135 என்று போட்டிருந்தது. அந்த மேப் எந்த ஆக்டேனுக்கு எழுதப்பட்டது என்று அவர்கள் சொல்லவில்லை, பணம் கட்டும் முன் நானும் கேட்கவில்லை. 95 போட்டு ஓட்டிக்கொண்டிருந்ததால் தெரியாமலே தப்பித்துவந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை, மனைவி, மச்சான், பையன் எல்லாரும் பேச்சிப்பாறைக்குக் கிளம்பினோம். பங்கில் 95 தீர்ந்துபோயிருந்தது. "சாதா போடட்டா அண்ணே?" என்று பங்கில் வேலை பார்க்கும் பையன் கேட்க, ஃபுல் டேங்க் போடச் சொல்லிவிட்டேன். அப்போது சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன். ஐந்து பேர், ஏசி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஏற்றம். ஆட்டோமேட்டிக் கியர் மைலேஜுக்காக மேல் கியரிலேயே வைத்துக்கொண்டு 1600 ஆர்பிஎம்மில் இழுத்தது. அப்போது ஒரு சத்தம். தகர டின்னில் முந்திரிக்கொட்டையைப் போட்டுக் குலுக்கின மாதிரி. மச்சான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் தக்கலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஸ்கேனர் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஏற்றத்தில் மிதித்ததும் நாலு சிலிண்டரிலும் பிளக் பற்றவைக்கும் டைமிங் ஆறேழு டிகிரி பின்னால் போனது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவினதுபோலப் புள்ளிகள். "மக்களே, எஞ்சின் அழுவுது, நீ பாட்டு கேட்டுட்டு வந்திருக்க" என்றார். அதற்கப்புறம் அந்த டேங்க் தீரும்வரை முட்டை ஏற்றிப் போகிறவன் மாதிரி ஓட்டினேன்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சத்து என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பெட்ரோலின் பொறுமை. பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும்வரை, சிலிண்டரின் மூலையில் அழுத்தத்திலும் சூட்டிலும் கிடக்கும் கலவை தானாகப் பற்றி வெடிக்காமல் காத்திருக்க வேண்டும். அந்த வெடிப்புதான் நான் கேட்ட தட்டல் சத்தம். டர்போ காற்றை அமுக்கித் தள்ளுவதால் அந்தப் பொறுமை கூடுதலாகத் தேவை. ரீமேப்பில் அழுத்தத்தையும் கூட்டி டைமிங்கையும் முன்னால் தள்ளினால் இன்னும் தேவை. பொறுமை போதாவிட்டால் அந்தத் தட்டலை நாக் சென்சார் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றப் பார்க்கும், பவரும் கூடவே போகும். இந்தத் தேவையே இல்லாத, டர்போ இல்லாத சாதாரண 1.2 லிட்டர் குடும்பக் காரில் 95 ஊற்றினால் லிட்டருக்குக் காசு கூடக் கொடுத்த திருப்தி கிடைக்கும். "எனக்கு ஸ்மூத்தாக இருக்கிறதே" என்று கீழே எழுதப்போகிறவர்களோடு சண்டைக்கு வரவில்லை. உங்கள் காசு.

அமெரிக்க வீடியோவில் 91, 93 என்று சொல்வதை நம் பங்கோடு ஒப்பிடாதீர்கள். அங்கே பங்கில் எழுதுவது இரண்டு விதமாக அளந்த எண்ணின் சராசரி. அவர்களுடைய 93 நம் கணக்கில் ஏறக்குறைய 98. நான் ஆறு மாதம் இதில் குழம்பினேன்.

சரி, இ20. இது புண் இருக்கிற இடம்.

2025 ஆகஸ்டில் எஞ்சின் விளக்கு எரிந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பிழைக் குறியீடு காட்டியது. ஊரெல்லாம் எத்தனாலைத் திட்டிக்கொண்டிருந்த நேரம், நானும் சேர்ந்துகொண்டேன். டீக்கடையில், வாட்ஸ்அப் குழுவில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று ஒரு இடம் விடவில்லை. கணக்கும் எனக்குச் சாதகமாகத்தான் தெரிந்தது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். ஆகவே அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜும் 14லிருந்து 13க்கு இறங்கியிருந்தது. 2021ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றுதான் சொன்னது.

மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரைப் பார்த்தார். வண்டி தானாக 14 சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. "10லேருந்து 20 எத்தனால் ஆனா நாலு சதவீதம் கேக்கும். மிச்சம் பத்து எங்க?" என்றார். அப்புறம் எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் கைவிட்டுத் தடவி ஒரு குழாயை வெளியே இழுத்தார். சுண்டுவிரல் தடிமன். மடங்கும் இடத்தில் விரிசல், அது வழியாகக் காற்று உள்ளே போகிறது. மாற்றினோம், எண் நாலுக்கு வந்து நின்றது.

தினமும் ரப்பரைத் தொட்டுப் பிழைக்கிறவன், தன் காரில் விரிந்த ரப்பரைப் பார்க்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"அந்தக் குழாயைத் தின்றதே எத்தனால்தானே" என்று யாரோ இப்போதே எழுதிக்கொண்டிருப்பீர்கள். அது காற்றுக் குழாய் சார், பெட்ரோல் அதைத் தொடுவதே இல்லை. ஒன்பது வருட எஞ்சின் சூட்டில் எந்த ரப்பரும் அப்படித்தான் ஆகும். அதற்காக எத்தனால் ரப்பரை ஒன்றுமே செய்யாது என்றும் நான் சொல்லவில்லை. பழைய வண்டியின் பெட்ரோல் ஹோஸ், சீல், கேஸ்கெட் எந்தச் சரக்கில் செய்தது என்பதைப் பொறுத்து உப்பும், இறுகும். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில் அந்தப் பாகங்களை இ20 தாங்கும்படி போடுகிறார்கள். அதற்கு முந்தையது என்றால் வருடம் ஒருமுறை ஹோஸை விரலால் மடித்துப் பாருங்கள்.

இன்னொன்று சொன்னால் அடிக்க வருவார்கள். எத்தனாலின் சொந்த ஆக்டேன் 108 வாக்கில். ஆவியாகும்போது சூட்டையும் நன்றாக இழுக்கும். இ20 வந்தபிறகு சாதாரண பெட்ரோலே 95க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் அந்த முந்திரிக்கொட்டைச் சத்தம் இப்போது சாதாரண பெட்ரோலிலும் வருவதில்லை. மைலேஜ் போனது உண்மை, தட்டல் போனதும் உண்மை. 95 என்று விற்பதிலும் எத்தனால் கலந்தே வருகிறது, ஆகவே எத்தனாலுக்குப் பயந்து அதற்கு ஓடாதீர்கள். எத்தனால் இல்லாதது வேண்டுமென்றால் 100 ஆக்டேன். 2020 டிசம்பரில் டெல்லியில் அறிமுகமானபோதே லிட்டர் 160 ரூபாய். அதற்குத் தனியாக மேப் எழுதாமல் ஊற்றுவது கோயில் உண்டியலில் போடுவதற்குச் சமம்.

நம் மாவட்டத்தில் நான் உண்மையில் பயப்படுவது தண்ணீருக்கு. நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து தங்கிவிடும், மேலே மிஞ்சும் பெட்ரோல் ஆக்டேனை இழக்கும். அடியில் இருப்பதைத்தான் பம்ப் முதலில் உறிஞ்சும். மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் டேங்கை நிரப்பி வையுங்கள். கூட்டம் உள்ள பங்கில் போடுங்கள். கேரளாவில் விலை அதிகம் என்று பாறசாலைக்காரர்கள் வந்து வரிசையில் நிற்கும் களியக்காவிளைப் பங்குகளில் சரக்கு தேங்க வழியில்லை. யாரும் வாங்காத 95ஐ மாதக்கணக்கில் வைத்திருக்கும் சின்ன பங்கை விட, ஓட்டமுள்ள இடத்துச் சாதா மேல்.

களியக்காவிளை என்றதும் ஞாபகம் வருகிறது. 135 குதிரையை வைத்துக்கொண்டு நான் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை பாதி நேரம் கல் ஏற்றின டாரஸ் லாரிக்குப் பின்னால்தான் போகிறேன். மலையை உடைத்து வரிசையாக எல்லை தாண்டிப் போகிறது, ரோடு குழி குழியாக நமக்கு மிஞ்சுகிறது. நான்குவழிச் சாலை வருகிறது என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்? ஜல்லி தெறித்து என் முன்கண்ணாடி இரண்டு தடவை உடைந்தது. எந்த ஆக்டேன் போட்டு அந்த லாரியைத் தாண்ட? கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எங்கேயாவது சொல்ல வேண்டுமே.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ரீமேப் இல்லையென்றால் பெட்ரோல் மூடிக்கு உள்ளே எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதன்படி போடுங்கள். ரீமேப் செய்வதென்றால் முதலில் குழாய்கள், பிளக், காயில் பார்த்துவிட்டுப் போங்கள். எந்த ஆக்டேனுக்கு, எத்தனை சதவீத எத்தனாலுக்கு எழுதுகிறார்கள் என்று பணம் கட்டும் முன்னே எழுத்தில் வாங்குங்கள். நான் பணம் கட்டியபிறகு வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது.