கனடா, ஸ்காபரோ பலசரக்குக் கடை: கூலர் வாங்க வங்கி கடன் மறுத்தது பற்றி

வாக்-இன் கூலருக்கு (ஆள் உள்ள போய் வரக்கூடிய குளிர் அறை) சாதாரண வியாபாரக் கடன் கேளாதேங்கோ. அதே வங்கியில் 'கனடா சிறுதொழில் நிதித் திட்டம்' எண்டு பெயர் சொல்லிக் கேளுங்கோ. பாவிச்ச கூலருக்கும் தருவினம்.

விற்பனை நல்லாயிருந்தும் மறுத்தவை எண்டால், காரணம் அநேகமா உங்கட வரிக் கணக்குத்தான். கையில புழங்கிற காசு கணக்கில ஏறாட்டி வங்கிக்கு அது வருமானமே இல்லை. சீட்டை எவ்வளவு ஒழுங்காக் கட்டினாலும் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காக் கட்டுறீங்களோ எண்டு காட்டுற புள்ளி) ஏறாது. எங்கட ஆக்கள் கனபேர் இதிலதான் மாட்டுப்படுகினம், பாவம்.

போன வருஷம் வங்கியில போட்ட காசையும் வரிப் படிவத்தில காட்டின விற்பனையையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. இடைவெளி இருந்தால் முதல் கணக்காளரிட்டப் போய்த் திருத்துங்கோ, பிறகு விண்ணப்பியுங்கோ.

இந்தத் திட்டத்தில, நீங்கள் கடனைக் கட்டாமல் விட்டால் வங்கிக்கு வாற நட்டத்தில 85% வரை அரசு பொறுப்பெடுத்தாலும், கடன் தாற முடிவு வங்கியின்ரதான். கடன் தொகையில 2% பதிவுக் கட்டணமும் இருக்கு.