ஐந்து ஊசிக்கு 700 வெள்ளி: மாமியின் உம்ராவும் துணைப்பாட நிலையத்தின் கணக்கும்

கேள்வி: ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடைவரிசை ஒன்றில் சிறிய துணைப்பாட நிலையம் நடத்துகிறேன். 40 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 180 வெள்ளி. வாடகைக்கும் ஆசிரியைகள் இருவரின் சம்பளத்துக்கும் 4,600 வெள்ளி போய்விடும். அடுத்த மாதம் மாமி மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறார்கள். தேசிய சேவை முடித்த மூத்த மகன் செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறான். மூளைச்சவ்வுக் காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) தடுப்பூசி ஒன்று 140 வெள்ளி என்று மருந்தகத்தில் சொன்னார்கள். நான், கணவர், மாமி, பிள்ளைகள் இருவர் என ஐந்து பேருக்கும் போட்டால் 700. "எல்லாருக்கும் ஷீல்டு திட்டம் இருக்கே, எதுக்கு வீண் செலவு?" என்கிறார் கணவர். இந்த நோயையும் உள்ளடக்கிய கடும்நோய்க் காப்புறுதி எடுத்துவிட்டால் கவலையே இல்லை என்கிறார் முகவர். நிலையத்தில் ஒரு பிள்ளைக்கு இது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. எதற்குச் செலவழிப்பது? (வாசகி, ஈசூன்)

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாகச் சொன்ன பயத்தில்தான் பெரிய காசு மாட்டியிருக்கிறது. முதலில் ஊசிக் கணக்கை முடித்துவிடுவோம்.

மாமியின் ஊசியில் பேச்சுக்கே இடமில்லை. ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு ரகக் கிருமிகளுக்கும் எதிரான ஊசியைப் போட்ட சான்றிதழ் இல்லாமல் உம்ராவுக்குப் போக முடியாது. சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். இந்த ஊசியில் இரண்டு வகை உண்டு. பழைய வகையின் சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். கான்ஜுகேட் எனப்படும் புதிய வகைக்கு 5 ஆண்டு. மருந்தகம் சொன்ன 140 வெள்ளி எந்த வகைக்கு என்று கேளுங்கள். ஒருமுறை உம்ரா போனவர்கள் மறுபடியும் போக ஆசைப்படுவார்கள் என்பது என் அனுபவம்.

சவூதி இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜை ஒட்டி டபிள்யூ ரகக் கிருமி பரவியது. பல நாடுகளில் யாத்திரிகர்கள், அவர்களோடு பழகியவர்கள் என 400க்கும் அதிகமானோருக்கு நோய் வந்தது. மறு ஆண்டு ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பிய சிங்கப்பூரர்களைப் பரிசோதித்தார்கள். பழைய வகை ஊசி போட்டிருந்தும் சுமார் 15 சதவீதம் பேரின் தொண்டையில் அதே கிருமி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவர்களுடைய வீட்டாரில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கும் அது தொற்றியிருந்தது. தொண்டையில் கிருமி இருப்பவர் எல்லாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. ஆனால் மாமி திரும்பிவரும் வீட்டிலிருந்துதான் நீங்கள் தினமும் 40 பிள்ளைகளைப் பார்க்கப் போகிறீர்கள். தொண்டையில் கிருமி ஒட்டுவதையும் புதிய வகை ஊசி ஓரளவு குறைக்கும். அதற்குச் சில வெள்ளி கூடுதலானாலும் கொடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

மகன் விஷயம் கொஞ்சம் வேறு. பிரிட்டிஷ் மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டுகிறீர்கள். முதன்முறை பல்கலைக்கழகம் சேரும் 25 வயதுக்குட்பட்ட மாணவருக்கு அங்கே இந்த நான்கு ரக ஊசி இலவசம். வெளிநாட்டு மாணவருக்கும் உண்டு. அப்படியானால் இங்கே 140 வெள்ளி எதற்கு என்று கணவர் கேட்பார். அங்கே போய் விடுதியில் இடம் பிடித்து, மருத்துவரிடம் பதிந்து, முறை வருவதற்குள் சில வாரம் ஓடிவிடும். புது முகங்களோடு ஒட்டி உறவாடும் காலமே அந்தச் சில வாரம்தான். நான் அவன் தகப்பனாக இருந்தால் இங்கேயே போட்டு அனுப்புவேன். இதே கிருமியின் பி ரகத்துக்கு இது காவல் இல்லை, அதற்குத் தனி ஊசி. 2013இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பரவியது பி ரகம்தான். அப்போது அங்கே உரிமம் பெறாத ஊசியைச் சிறப்பு அனுமதியோடு வரவழைத்து, பல்கலைக்கழகமே செலவை ஏற்று மாணவர்களுக்குப் போட்டது. மகனுக்கு அதுவும் தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

மற்ற மூவருக்கும் அவசரமில்லை, மருத்துவர் வேறு காரணம் சொன்னாலொழிய. ஆக 700 அல்ல, 280 வெள்ளி. பயணத்துக்கான ஊசி என்பதால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு கைகொடுக்காது, கைக்காசுதான். மீதி 420ஐ எங்கே போடுவது என்று பிறகு சொல்கிறேன்.

கணவர் சொல்வது பாதி சரி. எல்லாருக்கும் உள்ள அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் அதன் மேல் எடுத்த ஷீல்டு திட்டமும் மருத்துவமனையில் படுத்தால் வரும் பில்லுக்கு. முதலில் நீங்களே கட்ட வேண்டிய கழிவுத் தொகையும் அதற்கு மேல் உங்கள் பங்கும் போக மீதியை வரம்புக்குள் அவை பார்த்துக்கொள்ளும். ஆனால் மெடிஷீல்டு லைஃப் மான்செஸ்டர் வரை போகாது.

முகவர் சொல்வதில் பாதிகூட இல்லை. கடும்நோய்க் காப்புறுதியின் 37 நோய்ப் பட்டியலில் பாக்டீரியா மூளைச்சவ்வுக் காய்ச்சல் இருப்பது உண்மை. விதியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்: நிரந்தரமான, திரும்பாத நரம்புப் பாதிப்பு இருக்க வேண்டும், அது குறைந்தது 6 வாரம் நீடிக்க வேண்டும், தண்டுவட நீர்ப் பரிசோதனையில் கிருமி உறுதியாக வேண்டும், நரம்பியல் நிபுணர் சான்று தர வேண்டும். சிகிச்சை பெற்றும் பத்தில் ஒருவர் இறக்கும் நோய் இது. பிழைத்தவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குச் செவித்திறன் இழப்பு போன்ற பாதிப்பு தங்கிவிடும். மற்றவர்கள் ஒரு மாதம் படுத்து எழுந்து வந்தாலும் அந்தப் பத்திரத்திலிருந்து ஒரு வெள்ளி வராது. புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் பயந்து எடுப்பதானால் எடுங்கள், அது நியாயம்.

இனி நிலையம். ஒரு நோயாளியின் சிகிச்சைச் செலவு வேறு, பரவாமல் தடுக்கும் செலவு வேறு. இரண்டாவதைப் பெரும்பாலும் சுமப்பவர்கள் நோயே வராதவர்கள். நெருங்கிப் பழகியவருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை மலிவு. சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் ஒரே வேளை. கடந்த ஏழு நாளில் யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று தேடிப் பிடிப்பது, பெற்றோர் வேலைக்கு விடுப்பு எடுப்பது, பயந்துபோய்ப் பிள்ளையை நிறுத்துவது, இவைதான் விலை அதிகம்.

புர்க்கினா ஃபாசோவில் இந்த நோய் பரவியபோது வீட்டுக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நோயாளிக்குக் குடும்பம் இழந்தது சுமார் 90 அமெரிக்க டாலர். அந்த நாட்டின் தனிநபர் ஆண்டு உற்பத்தியில் 34 சதவீதம் அது! செவி போனது போன்ற பின்விளைவு வந்தால் மேலும் 154 டாலர் வரை. பிறகு 2010 டிசம்பரில் அங்கே தொடங்கிப் போடப்பட்ட, புனேயில் தயாரான ஏ ரக ஊசியின் விலை 50 சென்ட்டுக்கும் கீழே.

நம் ஊரில் 2015 நினைவிருக்கிறதா? கஞ்சியோடு தரும் பச்சை மீன் துண்டுகளிலிருந்து பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பரவியது (மேலே சொன்ன பி ரகம் அல்ல, இது வேறு கிருமி). சிலருக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சலே வந்தது. ஆண்டு முடிவதற்குள் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்துவிட்டது. மருத்துவமனை வாசலையே மிதிக்காத கடைக்காரர்களுக்கும் ஒரு பதார்த்தம் கையை விட்டுப் போனது.

உங்கள் கணக்குக்கு வருவோம். வரவு 7,200, செலவு 4,600, கையில் 2,600. ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் நிலையத்தை மூட வேண்டும் என்று கட்டாயமில்லை. பொதுவாக மாத்திரையும் கண்காணிப்பும் போதும். ஆனால் பெற்றோர் பயத்துக்கு மாத்திரை ஏது? பாதிப் பேர் ஒரு மாதம் வராமல், நீங்களும் கட்டணத்தை விட்டுக்கொடுத்தால் 3,600 குறையும். 1,000 வெள்ளி கையிலிருந்து போட வேண்டும். அவர்களில் பத்துப் பேர் திரும்பவே இல்லையென்றால் அதன் பிறகு மாதம் 800தான் மிஞ்சும். தொழில் நின்றுபோனால் ஈடு தரும் வணிகத் தடைக் காப்புறுதி இதற்கு உதவும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலானவை தீ, வெள்ளம் போன்ற சேதத்துக்கானவை. தொற்றுநோய்ப் பிரிவு சேர்த்திருந்தாலும் அதிகாரிகள் மூடச் சொன்னால்தான் பணம் தரும்.

ஆகவே நிலையத்துக்கென்று தனிக் கணக்கில் மூன்று மாதச் செலவு, 13,800 வெள்ளி, சேருங்கள். நிரந்தர வைப்பில் பூட்டாதீர்கள், நினைத்த நாளில் எடுக்கும்படி இருக்கட்டும். அந்த 420தான் முதல் தவணை. மாதம் 600 போட்டால் இரண்டு ஆண்டுக்குள் நிறைந்துவிடும். முகவருக்குக் கட்ட நினைத்த சந்தாவையும் இதில் போட்டால் இன்னும் சீக்கிரம். கட்டண விதிமுறைத் தாளில், தொற்றுநோயால் வராத வாரங்களுக்கு இணைய வகுப்பு உண்டு, பணம் திருப்பித் தரப்படாது என்று இப்போதே ஒரு வரி சேருங்கள். நோய் வந்த பிறகு சேர்த்தால் சண்டைதான்.

வருகைப் பதிவேட்டில் யார் எந்த மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதையும் இன்றிலிருந்து குறித்து வையுங்கள். அதிகாரிகள் கேட்கும்போது அது கையில் இருந்தால், அழைப்பு போவது 40 வீடுகளுக்கா எட்டு வீடுகளுக்கா என்பது அங்கேயே தெரிந்துவிடும். மாமியின் ஊசிக்கு இந்த வாரமே முன்பதிவு செய்துவிடுங்கள், பத்து நாள் விதி இருக்கிறது.