வெயில்ல சுத்தின டியூபும் வைட்டமின் சி ரிப்போர்ட்டும்: கேள்வி-பதில்

கேள்வி: வைட்டமின் சி மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துல யூரின் ஸ்ட்ரிப் 'ஹை' காட்டுது. உடம்புல ஃபுல்லா சேர்ந்துடுச்சா? (வேளச்சேரி)

சேரல, உடம்புக்கு மிஞ்சினது யூரின்ல வழியுது. ஸ்ட்ரிப்புக்கு தெரியறது அது மட்டும்தான்.

கேள்வி: மே மாசம், ஹெல்த் பேக்கேஜ். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த பையன் டியூபை சாதா பைல போட்டுட்டு இன்னும் நாலு வீடு இருக்குன்னு பைக்ல கிளம்பிட்டான். அப்பாவுக்கு வைட்டமின் சி 'மிகக் குறைவு'ன்னு ரிப்போர்ட், அன்னிக்கே அவங்களே போன் பண்ணி மூணு மாச பவுடரை தலையில கட்டிட்டாங்க. அப்பா தினமும் கொய்யா சாப்பிடுறவர். (குரோம்பேட்டை)

உங்க மேல தப்பே இல்லங்க. அப்பா வயசுல இருக்கறவங்க கிட்ட 'மிகக் குறைவு'ன்னு சொன்னா யாரா இருந்தாலும் பயந்து பணம் கட்டத்தான் செய்வாங்க.

இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. ரத்தம் உடம்பை விட்டு வெளிய வந்ததுமே அதுல இருக்கற வைட்டமின் சி ஆக்சிடைஸ் ஆகி சிதைய ஆரம்பிச்சிடும், அதனால டியூபை ஐஸ்ல வச்சு, வெளிச்சம் படாம மூடி, சீக்கிரமா சென்ட்ரிஃபியூஜ் மெஷின்ல சுழல விட்டு பிளாஸ்மாவை (ரத்தத்தோட தண்ணி பகுதி) பிரிச்சு, மெட்டாபாஸ்பாரிக் மாதிரி ஒரு ஆசிட் சேர்த்து உறைய வைக்கணும், அப்புறம்தான் அளக்கற எச்.பி.எல்.சி மெஷினுக்கே போகணும். ஜி.எஸ்.டி ரோடு வெயில்ல சுத்தின டியூப்ல குறைவாத்தான் காட்டும், அது அப்பாவோட குறை இல்ல. லிட்டருக்கு 11 மைக்ரோமோலுக்கு கீழ போனாத்தான் குறைபாடுன்னு சொல்றது, அதுவும் பிளாஸ்மா காட்டறது சமீபத்துல சாப்பிட்டதை, உடம்போட இருப்பு தெரியணும்னா வெள்ளை அணுக்கள்ல பாக்கணும். ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம்தான் ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்றது, 100 கிராம் கொய்யால 200க்கு மேல இருக்கு. ஈறுல ரத்தம், ஆறாத புண்ணுன்னு எதாவது இருந்தா மட்டும் டாக்டரை பாருங்க.

சாம்பிளை எப்படி எடுத்துட்டு போனீங்கன்னு எழுத்துல கேளுங்க. பில், ரிப்போர்ட், வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீங்க. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன். மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க கட்டின பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

கேள்வி: வைட்டமின் சி சீரம் பழுப்பாயிடுச்சு. போடலாமா?

தூக்கி போடுங்க. நான் ஆஃபர்னு ரெண்டு வாங்கினேன், ரெண்டாவது பாட்டில் திறக்கறதுக்கு முன்னாடியே டீ கலர்.

கேள்வி: பி.எச்.டி பண்றேன். செல் கல்ச்சர்ல கொலாஜன் வர்றதுக்கு அஸ்கார்பிக் ஆசிட் (வைட்டமின் சி தான்) வாங்கி மொத்தமா தண்ணில கரைச்சு வச்சேன், ஒரு வாரத்துல மஞ்சள். சப்ளையர் மாத்தித் தர மாட்டேங்கறார். (கிண்டி)

ஏன் தரணும்? கரைச்சது நீங்க. பி.எச்.டி பண்றவருக்கு இதை நான் சொல்லணுமா? அன்னன்னிக்கு தேவையானதை மட்டும் கரைங்க, இல்லன்னா அஸ்கார்பேட்-2-பாஸ்பேட் வாங்குங்க, செல் வளர்க்கற 37 டிகிரி மீடியத்துல அது நல்லா தாங்கும். வைட்டமின் சி அளக்கற கிட் ஆர்டர் பண்ணினா வெள்ளிக்கிழமை கொரியர் வேணாம், ஞாயிறு முழுக்க கொடவுன்ல வேகும். 'ஆராய்ச்சிக்கு மட்டும்'னு போட்ட கிட்ல வீட்டு ஆளுங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ணி வைத்தியம் பாக்காதீங்க.

கேள்வி: அம்மா தினமும் ரெண்டு கிராம் வைட்டமின் சி போட ஆரம்பிச்சதுல இருந்து சுகர் மெஷின் ஏத்திக் காட்டுது. மெஷின் டூப்ளிகேட்டா? (மாம்பலம்)

இருக்கணும்னு இல்ல. சில மெஷினுங்க ரத்தத்துல வைட்டமின் சி அதிகமா இருந்தா அதையும் குளுக்கோஸ்னு எண்ணிடும், டப்பாக்குள்ள இருக்கற பேப்பர்ல போட்டிருப்பான், யாரும் படிக்கறதில்ல. கையில ரத்தம் குடுத்து லேப்ல ஒருதடவை ஒப்பிட்டு பாருங்க, மெஷினை நம்பி சுகர் மாத்திரையை நீங்களா கூட்டாதீங்க. ரெண்டு கிராம் யார் எழுதிக் குடுத்தாங்கன்னு அம்மாகிட்ட கேட்டீங்களா?