சத்தியமங்கலம் காட்டில் எத்தனை கனமீட்டர் மரம் இருக்கிறது என்று விமான ரேடாரை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் ரேடார் கன அளவை அளப்பதில்லை. மரத்தில் பட்டுத் திரும்பும் அலையைத்தான் பதிவு செய்கிறது. நமக்கு வேண்டியது அந்த அலையின் வலு. அதைக் கனமீட்டராக மாற்றுவது தரையில் நாடா பிடித்து எடுக்கும் அளவுதான்.

ரேடார் அலைகளை நீளத்தை வைத்துப் பேண்டுகளாகப் பிரிப்பார்கள். எக்ஸ்-பேண்ட் அலை (அலைநீளம் சுமார் 3 செ.மீ.) மேல் இலையோடு நின்றுவிடும். அதைவிடச் சற்று நீண்ட சி-பேண்டுக்கு உன்னிச்செடிப் புதரும் மரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆசனூர், தாளவாடிப் பக்கத்து இலையுதிர் காட்டுக்கு எல்-பேண்ட் (24 செ.மீ.) பொருந்தும், எச்.வி. முனைவாக்கத்தை (கிடையாக அனுப்பிச் செங்குத்தாகப் பெறும் அலையை) எடுங்கள். ஆனைமலையின் மழைக்காடு என்றால் ஓர் அளவுக்குமேல் மரம் கூடினாலும் எல்-பேண்ட் சிக்னல் கூடாது. அங்கே 70 செ.மீ. அளவுள்ள பி-பேண்ட் வேண்டும்.

பறக்க ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். இலை உதிர்ந்திருக்கும், மண் காய்ந்திருக்கும். மழை பெய்த மறுநாள் பறந்தால் ஈரம் சிக்னலைத் தூக்கிவிடும், இல்லாத மரம் கணக்கில் ஏறும்.

பெரிய தலைவலி சரிவு. திம்பம் மலையில் ரேடாரைப் பார்த்த சரிவு பளிச்சென்றும் மறுபக்கம் இருண்டும் தெரியும். இரண்டிலும் ஒரே காடுதான் இருக்கும். எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை பறந்து, நல்ல உயர வரைபடத்தால் திருத்த வேண்டும். திருத்தாத படத்தில் எந்தச் சூத்திரம் போட்டாலும் வீண்.

தரையில் மரங்களை அளக்கும் மாதிரித் திட்டு கால் ஹெக்டேராவது இருக்கட்டும். அதைவிடச் சிறிதென்றால் ரேடார் படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் புள்ளி இரைச்சலும், மரத்தடியில் சில மீட்டர் தள்ளிக் காட்டும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து கெடுக்கும். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது இரண்டு. திட்டுக்குள் இருக்கும் பிக்சல்களை டெசிபெல்லில் (சிக்னல் வலுவின் மடக்கை அலகில்) சராசரி எடுக்காதீர்கள். −10, −20 இரண்டின் சராசரி −15 அல்ல. திறனாக மாற்றிச் சராசரி எடுத்தால் −12.6 வரும். அடுத்தது, மரக்கடையின் கால் சுற்றளவுக் கணக்கு: சுற்றளவில் கால் பங்கை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது. 120 செ.மீ. சுற்றளவு, 5 மீட்டர் நீளத் தேக்குக்கட்டை அந்தக் கணக்கில் 0.45 கனமீட்டர், உண்மையான உருளைக் கணக்கில் 0.573. வியாபாரத்துக்கு அது வழக்கம், இருக்கட்டும். ஆனால் தரை அளவை அப்படிப் போட்டு, சிக்னலைக் கனமீட்டராக மாற்றும் சூத்திரத்தை அமைத்தால் காடு முழுவதற்கும் 21 சதவீதத்துக்கு மேல் குறைத்துத்தான் காட்டும்.

காட்டோரத் தென்னந்தோப்புகளை முன்கூட்டியே வெட்டி நீக்கிவிடுங்கள், படத்திலிருந்து மட்டும்.