டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்குப் பின் ஆக்சில் ரேஷியோவை மாற்றலாமா?

கேள்வி: பெங்களூரில் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். ஒன்றரை டன் டிரெய்லரை மாட்டினால் ஏற்றத்தில் திணறுகிறது. பின் ஆக்சில் ரேஷியோவை 3.55-இலிருந்து 4.10-க்கு மாற்றினால் சரியாகுமா?

எந்த கியரில் திணறுகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. டாப் கியரில் திணறுகிறது என்றால் காசைச் செலவழிக்காதீர்கள். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் திணறுகிறது என்றால் யோசிக்கலாம்.

கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது எங்கள் குடும்பத் தொழில். டிராலி ஜெனரேட்டரைப் பிக்கப்பின் பின்னால் மாட்டி அல்சூர், சிவாஜிநகர் சந்துகளில் திருப்பியும் பழக்கம், ஓசூர், சேலம் வரை இழுத்தும் பழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம் பினியன். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் ரேஷியோ 4.10. பினியன் நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. 3.55-ஐ எடுத்துவிட்டு 4.10 போட்டால் எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 15 சதவீதம் கூடும். அதே வேகத்தில் இன்ஜினும் 15 சதவீதம் அதிகமாகச் சுற்றும். டாப் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஓடிய வண்டி இனி 2,300-ஐத் தாண்டி ஓடும். இன்ஜினின் குதிரைத்திறனில் ஒரு மாற்றமும் இல்லை. ‘ரேஷியோ மாத்தினா வண்டி பறக்கும்’ என்று சொல்கிற மேஸ்திரியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஐந்து கியர் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். நாலாவது கியர் 1.00, ஐந்தாவது 0.80 என்று வையுங்கள். பழைய ஆக்சிலில் ஐந்தாவது கியரின் மொத்த ரேஷியோ (கியர் ரேஷியோவை ஆக்சில் ரேஷியோவால் பெருக்கியது) 2.84, நாலாவது 3.55. ஆக்சிலை 4.10 ஆக்கினால் ஐந்தாவது 3.28 ஆகிறது. அதாவது புது ஐந்தாவது பழைய ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. அந்த ஏற்றத்தில் நாலாவதுக்கு இறங்கியிருந்தால் அதைவிட அதிக இழுவை உங்களுக்கு இலவசமாகவே கிடைத்திருக்கும். நெடுஞ்சாலையில் ஐந்துக்கும் நாலுக்கும் மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துபோகிறது என்றால் அந்தத் தொல்லை மட்டும் குறையும்.

ஆனால் முதல் கியருக்குக் கீழே இறங்க வேறு கியர் இல்லை. ரிவர்ஸுக்கும் அப்படித்தான். முதல் கியர் 4.20 என்றால் மொத்த ரேஷியோ 14.9-இலிருந்து 17.2 ஆகிறது. இந்தக் கூடுதல் இழுவையை கியரை மாற்றிப் பெற முடியாது. மண்டபத்தின் பேஸ்மென்ட் சரிவில் டிராலியை ரிவர்ஸில் ஏற்றும்போது ஹாஃப் கிளட்சில் நின்று நின்று தள்ளுவோமே, அப்போது வரும் கருகல் வாசனை டிரெய்லர் இழுக்கிற யாருக்கும் தெரியும். ஆக்சில் மாற்றுவதால் உண்மையில் மிச்சமாவது அந்த கிளட்ச் பிளேட்தான். உங்கள் வண்டி ஃபோர் வீல் டிரைவ் என்றால், மண் தரையில் லோ ரேஞ்ச் (எல்லா கியரையும் இன்னும் தாழ்த்துகிற தனி லிவர் அல்லது சுவிட்ச்) போட்டு அந்த வேலையையும் முடித்துவிடலாம். பிடிப்பான சிமென்ட் சரிவில் அதைப் போட்டுத் திருப்பக் கூடாது.

இன்னொன்று, டயரைப் பார்த்தீர்களா? 245/70 ஆர்16 டயரை எடுத்துவிட்டு, தோற்றத்துக்காக 265/75 ஆர்16 போட்டிருந்தால் சக்கரத்தின் விட்டம் சுமார் 750 மி.மீ.யிலிருந்து 804 மி.மீ. ஆகிவிடுகிறது. 7 சதவீத இழுவை அங்கேயே போயிற்று. 4.10 ஆக்சில்கூட 3.82 போலத்தான் நடந்துகொள்ளும். அப்படி ஏதாவது செய்திருந்தால் முதலில் பழைய டயருக்குத் திரும்புங்கள். ஆக்சிலைத் திறப்பதைவிட அது மலிவு.

இறக்கத்தில் கிடைக்கும் லாபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தர்மபுரியைத் தாண்டி தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது ஐந்தாவதில் வந்தால் பின்னால் இருக்கிற ஒன்றரை டன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வரும். ரேஷியோ கூடினால் ஒவ்வொரு கியரிலும் இன்ஜின் வண்டியை இன்னும் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. அதே சமயம், டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாமல் இந்த எடையை இழுக்கிறீர்கள் என்றால் ஆக்சிலுக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே போடுங்கள். ரேஷியோ மாற்றியதால் சேஸிஸ், கொக்கி, பிரேக், ரேடியேட்டர் எதுவும் பலமாகிவிடாது. கம்பெனி சொன்ன இழுவை வரம்பும் அப்படியேதான் இருக்கும்.

அமெரிக்காவில் பிக்கப் வாங்கும்போதே 3.55, 3.73, 4.10 என்று ஆக்சிலைத் தேர்ந்தெடுக்கலாம், அதற்கேற்ப இழுவை வரம்பும் மாறும். யூடியூபில் நாம் பார்ப்பதெல்லாம் அந்த ஊர்க் கதை. இங்கே பெரும்பாலும் ஒரு மாடலுக்கு ஒரு ரேஷியோதான் வரும். அதனால் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜெ.சி. ரோட்டில் போய் வெறும் ரேஷியோவைச் சொல்லிக் கேட்காதீர்கள். அதே கம்பெனியின், அதே ஆக்சில் கொண்ட, அதிக பாரம் ஏற்றுகிற மாடலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துச் சேர்க்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றுவது, ஒன்று பழையது ஒன்று புதியது என்று போடுவது எல்லாம் வேண்டாம்.

பொருளைவிடப் பொருத்துகிற கைதான் முக்கியம். பினியன் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும் என்று ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துப் பார்க்க வேண்டும். பேரிங் இறுக்கம், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ப்ளே இரண்டையும் அளக்க வேண்டும். இந்த ப்ளே மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்கிற அளவில்தான் இருக்கும். கையால் ஆட்டிப் பார்த்து ‘சரியா இருக்கு சார்’ என்று சொல்ல முடியாது, டயல் கேஜ் என்கிற நுண்ணளவுக் கருவி வேண்டும். பிறகு பல்லில் வண்ணம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். தப்பாகப் பொருத்தினால் 60 கி.மீ. வேகத்திலேயே பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்கும். அப்படியே பாரம் இழுத்தால் பல் தேய்ந்து, கடைசியில் உடையும்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலையும் அதே ரேஷியோவுக்கு மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இரண்டு ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுப்போகும். செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கிற வண்டியில் தப்பான வேகம் காட்டும், திருத்த வேண்டும். வாரன்ட்டி இருந்தால் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு: மொத்த எடை 750 கிலோ வரை டி1 வகை, அதற்கு மேல் 3.5 டன் வரை டி2 வகை.

வாரத்தில் பாதி நாளுக்கு மேல் டிரெய்லர் பின்னால் இருக்கும், சரிவில் கிளம்பவும் ரிவர்ஸ் எடுக்கவும் கிளட்ச் கருகுகிறது, டயர் பழைய அளவுதான் என்றால் மாற்றுங்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் இழுக்கிறீர்கள் என்றால், மற்ற நாளெல்லாம் காலி வண்டி இரைந்துகொண்டு டீசல் குடிப்பதுதான் மிச்சம்.

மாற்றினால் முதல் 800 கி.மீ. வரை டிரெய்லர் மாட்ட வேண்டாம். ஆரம்பத்தில் இருபது நிமிஷம் ஓட்டி, ஹவுசிங் முழுக்க ஆறிய பிறகு திரும்ப எடுங்கள். அந்த 800 கி.மீ. ஆனதும் கிரவுன் ஆயிலை வடித்து, கம்பெனி சொன்ன தடிமனில் புது ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றுங்கள். வடித்த ஆயிலில் மாவு போன்ற துகள் இருந்தால் பயப்பட வேண்டாம். கையில் குத்துகிற துண்டு வந்தால் பட்டறைக்கே திரும்பிப் போங்கள்.